கலகாடி மணல்மேடுகளில் நாலு நாள்: டர்பனிலிருந்து கிளம்பும் குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வெருலத்திலும் நாலு சக்கர இழுவை உள்ள பக்கி (பிக்கப் வண்டி) வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். ஆனால் அந்த இழுவைப் பொத்தானை ஒருமுறைகூட அழுத்தாத வண்டிகளே அதிகம். காரணம் இருக்கிறது. 2001 டிசம்பரில் வந்த விதிகளுக்குப் பிறகு தென்னாப்பிரிக்கக் கடற்கரையிலும் கடலோர மணல்மேடுகளிலும் பொழுதுபோக்குக்காக வண்டி ஓட்டத் தடை. ஆமை முட்டையிடும் மணலையும் கடற்பறவைக் கூடுகளையும் காக்க வந்த சட்டம் அது, நல்ல சட்டம். ஆகவே மணலில் ஓட்ட விரும்புகிறவர்கள் உள்நாட்டுக்குத்தான் போக வேண்டும். அதற்குக் கலகாடியை மிஞ்சிய இடம் நாட்டில் இல்லை.

கலகாடி எல்லைதாண்டிய பூங்கா தென்னாப்பிரிக்காவும் போட்ஸ்வானாவும் சேர்ந்து நடத்துவது. ஒப்பந்தம் 1999இல் கையெழுத்தானது, 2000 மே மாதம் முறைப்படி திறந்தார்கள். பரப்பு சுமார் 38,000 சதுர கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு போட்ஸ்வானா பக்கம். நம் பக்கத்தில் ஆவோப், நோசோப் என்று இரண்டு வறண்ட ஆற்றுப்படுகைகள். அவற்றுக்கு நடுவே வரிவரியாகச் சிவப்பு மணல்மேடுகள். மணல் துகள்மேல் இரும்பு ஆக்ஸைடு படிந்திருப்பதால் அந்த நிறம். இவை கடற்கரை மேடுகளைப் போல நகர்வதில்லை. புல்லும் புதரும் பிடித்து நிற்பவை. தடம் இவற்றைக் குறுக்கே வெட்டிப் போவதால், ஏறி இறங்கி, ஏறி இறங்கி, அலைமேல் படகு போவது போலத்தான் நாள் முழுக்க ஓட்டம்.

எந்தப் பயணம், எப்போது

வழிகாட்டியோடு போக மூன்று வகை உண்டு. முதலாவது, நோசோப் 4x4 சுற்றுச்சூழல் தடம். நாலு பகல், மூன்று இரவு. ட்வீ ரிவியரன் முகாமுக்கும் நோசோப் முகாமுக்கும் இடையே, பொதுச் சாலையை விட்டு மணல்மேடுகளுக்குள் 200 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் போகும். பூங்காவின் வழிகாட்டி முன்னே போவார். உங்கள் வண்டியை நீங்களே ஓட்டிப் பின்தொடர்வீர்கள். குறைந்தது 2 வண்டி, அதிகம் 5. தங்கும் இடங்களில் வேலி கிடையாது, கடை கிடையாது. தண்ணீர், விறகு, சாப்பாடு எல்லாம் உங்கள் பொறுப்பு. இந்தக் கட்டுரை பெரும்பாலும் இதைப் பற்றியதுதான்.

இரண்டாவது, நாலு சக்கர இழுவை வண்டி இல்லாதவர்களுக்கு. மியர், கோமானி சான் சமூகங்களுக்குச் சொந்தமான விடுதி ஒன்று மணல்மேடுகளுக்குள் இருக்கிறது. ஆவோப் சாலையிலுள்ள காம்குவா பிக்னிக் இடத்திலிருந்து அதற்குப் போகத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட மேடுகளைத் தாண்ட வேண்டும். சாதாரணக் காரில் வருபவர்களை அவர்களே ஏற்றிப் போவார்கள். தடம் பார்க்க சான் மக்களைவிடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. வயதான பெற்றோரோடு போகிறவர்களுக்கு இதையே சொல்வோம். மூன்றாவது, பெரிய முகாம்களிலிருந்து பூங்கா ஊழியர்கள் திறந்த வண்டியில் கூட்டிப்போகும் காலை, அந்தி, இரவுச் சுற்றுகள். முன்னிரண்டில் எதை எடுத்தாலும் ஓர் இரவுச் சுற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கேப் நரி, வௌவால்காது நரி, காட்டுப்பூனை எல்லாம் இருட்டிய பிறகுதான் நன்றாகக் கண்ணில் படும்.

பதிவு 11 மாதம் முன்னதாகத் திறக்கும். பள்ளி விடுமுறை நாட்கள் சீக்கிரம் போய்விடும். பிள்ளைகளைக் கூட்டிப்போவதானால் அவர்கள் வயதைப் பதியும்போதே சொல்லிக் கேளுங்கள். வேலியில்லாத முகாம்கள் சிலவற்றிலும் நடைப்பயணங்களிலும் 12 வயதுக்குக் கீழே அனுமதி கிடையாது. 1,450 கிலோமீட்டர் ஓட்டிப் போய் வாசலில் தெரிந்துகொள்ளும் விஷயமல்ல அது.

காலத்தைப் பொறுத்தவரை எங்கள் தேர்வு செப்டம்பர் கடைசியும் அக்டோபர் முதலும். மழை வருவதற்கு முந்தைய வறட்சியின் உச்சம். விலங்குகள் நீர்க்குட்டைகளை விட்டு அகலாது. ஜூன், ஜூலையில் பகல் இதமாக இருக்கும், ஆனால் இரவில் உறைநிலைக்குப் பல டிகிரி கீழே போகும்; கூடாரத்தில் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை 40 டிகிரியைத் தாண்டும், மணலும் இளகிக் கிடக்கும். செப்டம்பர் கடைசி என்றால் புரட்டாசி விரதம் குறுக்கே வருமே என்று தயங்க வேண்டாம். விரதச் சமையல்தான் பாலைக்கு வசதி. அதைப் பற்றிப் பின்னால்.

வண்டி

லோ ரேஞ்ச் கியர் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் தனிக் கியர் வரிசை) கட்டாயம் வேண்டும். வெறும் ஆல்-வீல் டிரைவ் கார்கள், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும், இந்தத் தடத்துக்கு ஆகாது. அடித்தளம் தரையிலிருந்து 20 சென்டிமீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும். ஏனென்றால் இரு சக்கரத் தடங்களுக்கு நடுவே புல்லோடு மேடு ஒன்று நீளமாகப் போகும். அங்கே அதை ‘மிடில்மனக்கி’ என்பார்கள். தாழ்ந்த வண்டி அதன்மேல் வயிறு தட்டி உட்கார்ந்துவிடும். டிரெய்லரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

எடுத்துப் போக வேண்டியவை: காற்றழுத்த அளவி (பெட்ரோல் நிலையத்துக் குழாயிலுள்ளதை நம்ப வேண்டாம்), 12 வோல்ட் கம்ப்ரஸர், நீண்ட கைப்பிடி மண்வெட்டி, 8 டன் அல்லது அதற்கு மேல் தாங்கும் நீளும் இழுவைப் பட்டை, எடை குறிக்கப்பட்ட 4.75 டன் ஷேக்கிள் (பட்டையை மாட்டும் இரும்பு வளையம்) இரண்டு, ஜாக்கின் அடியில் வைக்க 40க்கு 40 சென்டிமீட்டர் தடித்த பலகை, டயர் ஓட்டை அடைக்கும் கிட், முழு அளவு ஸ்டெப்னி. இரண்டாவது ஸ்டெப்னி கிடைத்தால் இன்னும் நல்லது. பலகையை மறப்பவர்கள்தான் அதிகம். பலகை இல்லாவிட்டால் ஜாக் வண்டியைத் தூக்காது. தானே மணலுக்குள் இறங்கிவிடும்.

இன்னொன்று, வலை. ரேடியேட்டருக்கு முன்னே கட்டும் நுண்ணிய புல்விதை வலை. நல்ல மழை பெய்த ஆண்டுக்குப் பிறகு நடுமேட்டுப் புல் முழங்கால் உயரம் நிற்கும். வண்டி அதன்மேல் போகும்போது காய்ந்த விதைகள் ரேடியேட்டர் இடுக்குகளை அடைத்துக்கொள்ளும். அரைமணியில் எஞ்சின் சூடு ஏறும். அதைவிட மோசம், அடியில் சேரும் புல். சைலன்சருக்கும் அதன் மேலுள்ள தகட்டுக்கும் இடையே பஞ்சுபோல அடைந்து, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் சூட்டில் கருகி, பற்றிக்கொள்ளும். வண்டி முழுதாக எரிந்துபோவது இப்படித்தான். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் வழிகாட்டி இறங்கச் சொன்னதும் முதல் வேலை, குனிந்து அடியைப் பார்ப்பது. வளைந்த கம்பி ஒன்று வைத்துக்கொண்டு புல்லை இழுத்துப் போடுங்கள். கருகிய வாசனை வந்தால் ‘அடுத்த மேடு தாண்டிப் பார்க்கலாம்’ என்று ஓட்டாதீர்கள். தீயணைப்பான் ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். சாமான்களுக்கு அடியில் கிடந்தால் பயனில்லை.

டர்பனிலிருந்து ப்ளூம்ஃபொன்டைன், கிம்பர்லி வழியாக அப்பிங்டன் சுமார் 1,200 கிலோமீட்டர். அங்கிருந்து ட்வீ ரிவியரன் 250, முழுக்கத் தார்ச்சாலை. ஒரே மூச்சில் ஓட்டாமல் நடுவே ஓர் இரவு தங்குங்கள். பெரிய கடைகள் அப்பிங்டனோடு சரி. எரிபொருள் ட்வீ ரிவியரன், நோசோப், மாட்டா-மாட்டா மூன்று முகாம்களிலும் கிடைக்கும். ஆனால் மணலில் செலவு ஒன்றரை மடங்கு என்று கணக்கு வையுங்கள். தாரில் நூறு கிலோமீட்டருக்கு 11 லிட்டர் குடிக்கும் டீசல் பக்கி மேடுகளில் 16, 17 கேட்கும். தொட்டியை நிரப்பிவிட்டே தடத்தில் நுழையுங்கள்.

காற்றை இறக்குவது

மணலில் சிக்கும் வண்டிகளில் பெரும்பாலானவை சக்தி போதாமல் சிக்குவதில்லை. டயரில் காற்று அதிகமாக இருப்பதால் சிக்குகின்றன. காற்றை இறக்கினால் டயர் அகலமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அகலம் கொஞ்சம்தான் கூடும். மணலைத் தொடும் நீளம்தான் வெகுவாகக் கூடுகிறது. நீண்ட தடம் மணலைத் தோண்டாது, அழுத்தி மேலே ஏறிப் போகும்.

காலைக் குளிரில், டயர் சூடாவதற்கு முன் அளவெடுங்கள். சாமானோடு உள்ள டபுள்கேப் பக்கிக்கு: தாரில் முன்னே 2.2, பின்னே 2.5 பார் (காற்றழுத்த அலகு), பூங்காவின் சரளைச் சாலையில் 1.8 முதல் 1.6, மணல்மேட்டில் 1.4. வண்டி இலேசானால் 1.2. சிக்கிக்கொண்டால் தற்காலிகமாக 1.0. அதற்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடக்கூடும். 1.4க்கு இறக்கிய பிறகு 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. டயரின் பக்கவாட்டு வெளியே பிதுங்கி நிற்கும், காய்ந்த கட்டையும் முள்ளும் அங்கேதான் குத்தும். ஆகவே தடத்தின் ஓரப் புதரில் உரசாமல் ஓட்டுங்கள்.

இதில் உங்கள் வண்டி மட்டும் சம்பந்தப்பட்டிருக்கவில்லை. காற்று இறக்காத டயர் மேடேறும்போது துள்ளித் துள்ளிச் சுழலும். அந்தத் துள்ளல் ஏற்றத்தில் குழிகளைப் பறிக்கும். அடுத்து வரும் வண்டி அந்தக் குழியில் இன்னும் துள்ளும். ஒரு பருவத்தில் ஒரு மேடு பாழாகிவிடும். புறப்படும் முன் உங்கள் வழிகாட்டி ஒவ்வொரு டயராக அளந்து பார்த்தால் மனத்தாங்கல் வேண்டாம். அவர் காப்பது அவருடைய சாலையை.

மேடேறி இறங்குவது

அடிவாரத்துக்குச் சற்று முன், சமதளத்தில் நின்று லோ ரேஞ்ச் போடுங்கள். ஏற்றத்தின் நடுவில் போடக் கூடாது. வண்டியின் நிலைக்கட்டுப்பாட்டை (ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல்) அணைத்துவிடுங்கள். சக்கரம் வழுக்கியதும் அது எஞ்சின் சக்தியைக் குறைக்கும், மணலில் அதுவே ஆளைக் கவிழ்க்கும். கையால் கியர் மாற்றும் வண்டியில் லோ ரேஞ்ச் இரண்டாவது அல்லது மூன்றாவது. தானியங்கியில் கியரை மேனுவலில் பூட்டிவிடுங்கள். பின் டிஃப்-லாக் (இரு பின்சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழலவைக்கும் பூட்டு) நேரான ஏற்றத்துக்கு மட்டும், வளைவில் வேண்டாம்.

முன் வண்டி உச்சியைத் தாண்டி, மறுபக்கம் இறங்கி, ரேடியோவில் ‘சரி’ என்று சொல்லும் வரை அடிவாரத்திலேயே நில்லுங்கள். இரண்டு மேடுகளுக்கு நடுவிலுள்ள சமதளத்தை அங்கே ‘ஸ்ட்ராட்’, அதாவது தெரு என்கிறார்கள். காத்திருக்க ஏற்ற இடம் அது, தரை இறுகியிருக்கும். பிறகு நிதானமாகக் கிளம்பி, ஏற்றம் தொடங்கும்போது சீரான வேகம் பிடித்து, ஆக்ஸிலேட்டரை ஒரே அளவில் வைத்து ஏறுங்கள். உச்சிக்கு ஒரு வண்டி நீளம் முன்பே காலைத் தளர்த்துங்கள். உச்சியில் முன்னால் வானம் மட்டும்தான் தெரியும். மறுபக்கத்தில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் பாயக் கூடாது. ஜெம்ஸ்பாக் மான் ஒன்று தடத்தின் நடுவே படுத்திருக்கலாம்.

இறக்கத்தில் நேராக, லோ ரேஞ்ச் இரண்டாவதில், எஞ்சின் இழுவையிலேயே இறங்குங்கள். பிரேக்கை அழுத்தினால் முன்சக்கரம் மணலில் புதைந்து பின்பக்கம் சுற்றிக்கொண்டு வரும். வண்டி கோணலாகத் திரும்பத் தொடங்கினால் பிரேக் அல்ல, சற்றே ஆக்ஸிலேட்டர். அது வண்டியை நேராக்கும். சரிவில் ஒருபோதும் குறுக்கே திருப்பாதீர்கள். வண்டி உருளுவது அப்போதுதான். கூரைமேல் கனத்த சாமான் ஏற்றியிருந்தால் இன்னும் சுலபமாக உருளும். தண்ணீர்க் கேன்களும் விறகும் கீழே, அச்சுகளுக்கு நடுவில் இருக்கட்டும்.

சிக்கினால்

சக்கரம் சுழல்கிறது, வண்டி நகரவில்லை என்று தெரிந்த நொடியில் காலை எடுங்கள். ‘இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்’ என்று பின்னிருக்கையிலிருந்து வரும் குரலைக் கேட்காதீர்கள். ஒவ்வொரு சுழற்சியும் வண்டியை மேலும் புதைக்கும். அச்சு மணலைத் தொட்டுவிட்டால் அரைமணி மண்வெட்டி வேலை.

ஏற்றத்தில் நின்றுவிட்டால், கிளட்சையோ நியூட்ரலையோ நம்பிப் பின்னால் உருளக் கூடாது. ரிவர்ஸ் கியரில், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வந்த தடத்திலேயே அடிவாரம் வரை இறங்குங்கள். 0.2 பார் காற்றை மேலும் இறக்கி, சற்றுக் கூடுதல் வேகத்தில் மறுபடி ஏறுங்கள். பெரும்பாலும் இத்தோடு முடிந்துவிடும்.

பின்னாலும் நகரவில்லை என்றால்தான் இறங்க வேண்டும், அதுவும் வழிகாட்டி சுற்றிப் பார்த்துச் சம்மதம் சொன்ன பிறகு. பக்கத்துப் புதர் நிழலில் சிங்கம் படுத்திருந்தால் பத்தடி தூரத்திலும் தெரியாது. நாலு சக்கரத்தின் முன்னும் பின்னும், அச்சுகளின் அடியிலும் மணலை அள்ளுங்கள். பட்டை போட்டு இழுப்பதானால், இரு வண்டியிலும் சேசிஸில் பொருத்திய இழுவைப் புள்ளியில் மட்டும் மாட்டுங்கள். டிரெய்லர் மாட்டும் குண்டில் ஒருபோதும் மாட்டாதீர்கள்; முறிந்தால் அது பீரங்கிக் குண்டாகப் பாய்ந்து கண்ணாடியைத் துளைத்து ஆளைக் கொல்லும். பட்டையின் நடுவில் ஒரு போர்வையைப் போட்டு, ஓட்டுநர்கள் தவிர மற்றவர்கள் பட்டை நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நிற்க வேண்டும்.

விலங்கு பார்ப்பது

நம் மாகாணத்து ஷ்லூஷ்லுவே விலங்குக் காப்பகம் போய்ப் பழகிய பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: கலகாடியில் யானை, காண்டாமிருகம், எருமை கிடையாது. இது வேட்டை விலங்குகளின் நாடு. கருமையான பிடரி கொண்ட சிங்கம், சிறுத்தை, சிவிங்கிப்புலி, பழுப்புக் கழுதைப்புலி. கழுகு முதல் செயலர்ப் பறவை வரை இரைகொல்லிப் பறவைகள் வேறு. சிறுத்தையையும் சிவிங்கிப்புலியையும் நம்மில் பலர் குழப்பிக்கொள்வோம். கண்ணிலிருந்து வாய்வரை கண்ணீர்போலக் கறுப்புக்கோடு இறங்கினால் சிவிங்கிப்புலி; உடம்பில் பூப்போல வளையப்புள்ளி இருந்தால் சிறுத்தை.

ஷ்லூஷ்லுவேயின் அடர்ந்த புதரில் உடம்பைத் தேடுவோம். இங்கே தடத்தைத் தேட வேண்டும். விடிந்ததும் முதல் வண்டியாக வழிகாட்டி போவதற்குக் காரணம், இரவு நடந்தவற்றை மணல் எழுதி வைத்திருக்கும். அடுத்த வண்டி அதை அழித்துவிடும். சிங்கத்தின் தடம் உங்கள் விரித்த கையளவு, நகக்குறி இல்லாமல். சிவிங்கிப்புலி நகத்தை முழுதாக உள்ளிழுக்காது, ஆகவே நகக்குறி தெரியும். பழுப்புக் கழுதைப்புலிக்கும் நகக்குறி உண்டு, முன்னங்கால் தடம் பின்னங்காலைவிடத் தெளிவாகப் பெரிது. தடத்தின் விளிம்பைப் பாருங்கள்: கூராக நின்றால் புதிது, காற்று வட்டமாக்கியிருந்தால், அல்லது பூச்சி குறுக்கே நடந்த கோடு மேலே ஓடினால், இரவின் முற்பகுதி.

மற்ற விலங்குகளின் கண்களையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மேய்ந்துகொண்டிருக்கும் ஸ்பிரிங்பாக் மான்கள் எல்லாம் ஒரே திசையில் தலைதூக்கி நின்றால் அந்தத் திசையில் பத்து நிமிடம் தொலைநோக்கியை வையுங்கள். பருந்து ஒன்று தரையோடு தரையாகக் கிளைக்குக் கிளை தாவிப் போனால் கீழே ஹனி பேட்ஜர் (தேன்வளைக்கரடி) தோண்டிக்கொண்டு போகிறது. அது கிளப்பும் எலியைப் பிடிக்கவே பறவை பின்தொடர்கிறது.

கேமல்தார்ன் மரத்தில் வைக்கோல் போர் தொங்குவதுபோலத் தெரிந்தால் வண்டியை நிறுத்துங்கள். கூடிவாழும் தூக்கணாங்குருவிகளின் கூடு அது. பல தலைமுறை ஒரே கூட்டைப் பெரிதாக்கிக்கொண்டே போகும். சில நேரம் பாரம் தாங்காமல் கிளை முறியும். அடியிலிருந்து பார்த்தால் வாசல் துளைகள் தேனடைபோல. அவற்றில் ஒரு துளையின் விளிம்பு மட்டும் வெள்ளையாக எச்சம் படிந்திருந்தால் உள்ளே குள்ள வல்லூறு குடியிருக்கிறது. ஆப்பிரிக்காவின் மிகச்சிறிய இரைகொல்லிப் பறவை. சொந்தமாகக் கூடு கட்டாது. குருவிகள் திடீரென்று ஒரே கூச்சலாகக் கத்தினால் கிளைமேல் மஞ்சள் நிறத்தில் எதையாவது தேடுங்கள். கேப் நாகம் குஞ்சு தின்ன ஏறியிருக்கும். மரத்தடிக்கு நடந்து போகாமலிருக்க இது ஒன்றே போதுமான காரணம்.

நீர்க்குட்டையில் எஞ்சினை அணைத்து அரைமணியாவது இருங்கள். ஐந்து நிமிடத்தில் கிளம்புகிறவர்களுக்கு மான் மட்டும் கிடைக்கும். மான்கள் வந்து குடித்துத் தைரியமாக நின்ற பிறகே மற்றவை வரும்.

முகாமும் சமையலும்

குடிக்கச் சமைக்க ஆளுக்கு நாளுக்கு 5 லிட்டர், கழுவ இன்னும் 5. நாலு பேருக்கு நாலு நாள் என்றால் 160 லிட்டர், வண்டிக்குத் தனியாக 20. பூங்காக் குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கும். டீ போட்டால் முகம் சுளிப்பீர்கள். குடிதண்ணீரை அப்பிங்டனில் பிடித்துக்கொள்ளுங்கள்.

புரட்டாசிச் சமையல் வசதி என்றோமே, இதனால்தான்: இறைச்சிக்கு வேண்டிய குளிர்பெட்டியும் ஐஸும் மிச்சம், இரவில் இரத்த வாசனைக்குக் கழுதைப்புலி வராது. அரிசி, பருப்பு, சுகர் பீன்ஸ், உருளைக்கிழங்கு, பட்டர்நட், வெங்காயம் எல்லாம் சூட்டைத் தாங்கும். தக்காளி தாங்காது, அலையலையாய் மேடுபள்ளமான சாலையின் குலுக்கலில் முதல் நாளே சட்னியாகிவிடும். டின் தக்காளி எடுத்துப் போங்கள். பீன்ஸைக் காலையில் மூடியுள்ள டப்பாவில் ஊறப்போட்டால் மாலைக்குள் வண்டிக் குலுக்கலிலேயே நன்றாக ஊறியிருக்கும். பிரஷர் குக்கரில் தண்ணீரும் கேஸும் பாதிதான் ஆகும். ஊறுகாயைக் கண்ணாடி ஜாடியிலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாற்றுங்கள். ரொட்டி முதல் இரண்டு நாளுக்கு. பிறகு மாவு பிசைய வேண்டும். விறகைத் தடத்தில் பொறுக்கக் கூடாது. காய்ந்த கட்டைகூட அங்கே பல்லிக்கும் தேளுக்கும் வீடு. முகாம் கடையில் வாங்கிப் போங்கள்.

இருட்டிய பிறகு பிள்ளைகள் தீவெளிச்சத்தைவிட்டு நகரக் கூடாது, கழிப்பறைக்குக்கூடப் பெரியவர் விளக்கோடு கூடப் போக வேண்டும். செருப்பில் திரியாதீர்கள். காலையில் ஷூவைத் தட்டிப் போடுங்கள். புற ஊதா டார்ச் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வெளிச்சத்தில் தேள் பச்சையாக மின்னும், பிள்ளைகளுக்கு அது வேடிக்கையும் பாதுகாப்பும். சாப்பாட்டுச் சாமான், செருப்பு, பாத்திரம் எதையும் வெளியே விட்டுவிட்டுத் தூங்காதீர்கள். நரி தூக்கிக்கொண்டு போய்விடும்.

திரும்பும்போது

தடம் நோசோப்பில் முடிந்தால் ட்வீ ரிவியரனுக்கு இன்னும் சுமார் 160 கிலோமீட்டர் சரளைச் சாலை இருக்கிறது. டயரை 1.6க்கு ஏற்றுங்கள், சிறிய கம்ப்ரஸர் டயருக்கு ஐந்து நிமிடம் எடுக்கும், இடையில் அதை ஆறவிடுங்கள். வேக வரம்பு 50. அலையலையாய் மேடுபள்ளமான சாலையில் ஷாக் அப்சார்பர் சூடேறி எண்ணெய் கக்கும், ஆகவே இறங்க அனுமதியுள்ள இடங்களில் நின்று அதைப் பாருங்கள். முகாம் வாசல் மூடும் நேரம் மாதத்துக்கு மாதம் மாறும். சிங்கம் பார்த்துத் தாமதமானாலும் அபராதம் அபராதம்தான், நாலரை மணிநேரம் ஒதுக்கிப் புறப்படுங்கள்.

ட்வீ ரிவியரன் வாசலைத் தாண்டித் தாரில் ஏறும் முன் டயர்களைப் பழைய அளவுக்கு ஏற்றுங்கள். காற்றுக் குறைந்த டயரில் நூறில் ஓட்டினால் அப்பிங்டனுக்கு முன்பே சூட்டில் வெடிக்கும். சக்கர நட்டுகளை இறுக்கிப் பாருங்கள், கூரைத் தாங்கியின் போல்ட்டுகளையும். நிலைக்கட்டுப்பாட்டை மீண்டும் போட்டீர்களா, டிஃப்-லாக் விளக்கு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக ஒருமுறை மண்டியிட்டு வண்டிக்கு அடியில் டார்ச் அடித்து, கன்வெர்ட்டர் பக்கம் மிச்சமிருக்கும் புல்லை இழுத்துப் போடுங்கள். வீடு வந்து நிறுத்திய பிறகு காராஜுக்குள் புகையும் வண்டிகளும் உண்டு.